மாப்பிள்ளை வண்டிக்கு ஆயில் மாற்றிய கதை

1. ஏறின ஆயில்

ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஏறி நின்றது. மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் வாசனை குப்பென்று அடித்தது.

"என்னம்மா, ஆயில் ஃபுல்லா இருக்குதா?" என்றார் வண்டியைக் கொண்டுவந்த பெரியவர். "அது கொறையவே கொறையாது. மாசத்துக்கு மாசம் ஏறிக்கினுதான் போவுது. அப்பேர்ப்பட்ட இன்ஜின்!"

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கார் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசர். கஸ்டமரிடம் குறை கேட்டு, ஜாப் கார்டு போட்டு, வண்டியை மெக்கானிக்கிடம் ஒப்படைத்து, சாயங்காலம் டெலிவரி கொடுக்கும்போது திட்டு வாங்கிக்கொள்கிற வேலை. விழுப்புரத்தில் ரிசப்ஷனில் போன் எடுக்கச் சேர்ந்தவள், போகப் போக பானெட்டுக்குள் தலையை விடப் பழகிக்கொண்டேன். இப்போது திண்டிவனம் கிளையில் இருக்கிறேன். வீடு விழுப்புரத்திலேயேதான். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புகிறேன்.

சுபாவத்திலேயே நான் பயந்தவள். கேஸை மூடினேனா என்று ரயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் போன் போடுகிற ரகம். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். வீல் நட்டை டைட் செய்தோமா என்று இரண்டாவது தடவை போய்ப் பார்க்கிறவள்தான் இந்தத் தொழிலில் நிம்மதியாகத் தூங்க முடியும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் இன்ஜின் ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும் மேடம்?" வண்டியோடு வரும் புத்தகத்தில் பதில் இருக்கிறது. பெரும்பாலும் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. சில வண்டிகளுக்குக் கொஞ்சம் கூட, சிலவற்றுக்குக் கொஞ்சம் குறைய. நானும் அதைத்தான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன், அந்தப் பெரியவர், ஏழுமலை ஐயா, வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற வரைக்கும்.

2. கிலோமீட்டர் ஏறக் கூடாது

ஏழுமலை வல்லம் பக்கத்து விவசாயி. நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். வண்டி அவருடையது இல்லை. மாப்பிள்ளை மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். லீவில் வந்தவர் புது டீசல் கார் ஒன்று எடுத்து, திரும்பிப் போகும்போது மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். டிராக்டர் மட்டுமே ஓட்டத் தெரிந்த மாமனாரை வற்புறுத்தி டிரைவிங் ஸ்கூலில் சேர்த்து, கார் லைசென்சும் எடுக்க வைத்திருக்கிறார். மகள் கௌரி தலைப்பிரசவத்துக்கு வந்து அப்பா வீட்டில் இருக்கிறாள்.

"மீட்டர்ல ஒரு மஞ்ச லைட்டு எரிஞ்சுதும்மா. மாப்ள வண்டியாச்சேன்னு பயந்துபோயி எடுத்துக்கினு வந்தேன். வர்ற வழியிலயே, ஹைவேஸ் ஏறி கொஞ்ச தூரத்துல அதுவா அணஞ்சிடுச்சி. எதுக்கும் ஒரு பார்வ பாத்துடுங்க."

"தினமும் வண்டிய எப்படி ஓட்டுறீங்கய்யா?"

"எங்க ஓட்றது? மாப்ள போவும்போது சொல்லிட்டுப் போனாரு, சும்மா நிறுத்தி வெச்சா பேட்டரி எறங்கிடும் மாமா, பாத்துக்கோங்கன்னு. காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி கொட்டாய்லயே ஸ்டார்ட் பண்ணி வுட்டுடுவேன். ஒரு நாள் தவறினது இல்ல."

"ரோட்டுல எடுக்கறதே இல்லையா?"

"பால் சொசைட்டி வரைக்கும் எப்பனா போவேன். மாப்ள வண்டிம்மா. நம்ம பாட்டுக்கு ஓட்டி கிலோமீட்டர ஏத்தி வெச்சா மரியாதையா இருக்குமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது.

புதிய டீசல் வண்டிகளில் சைலன்சர் குழாயில் டி.பி.எஃப். என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. புகையில் உள்ள கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டில் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் சூடேறி, அந்தக் கரியை எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை விடும். பாதியில் நிறுத்திவிட்டால் கரியும் எரியாது, விட்ட டீசலும் சிலிண்டர் ஓரமாக வழிந்து கீழே ஆயிலோடு கலந்துவிடும். ஏழுமலை ஐயா தினமும் கொட்டகையில் உறுமவிட்டுக் கரி சேர்த்தார். பால் சொசைட்டி வரை போய், வண்டி சுத்தம் செய்ய ஆரம்பிக்கும்போதே அணைத்தார். மாதத்துக்கு மாதம் ஏறியது அந்த டீசல்தான். அன்று ஹைவேயில் ஓடியதில் கரி எரிந்து மஞ்சள் லைட் அணைந்துவிட்டது. கலந்த டீசல் கலந்தபடி இருந்தது.

டீசல் கலந்த ஆயில் நீர்த்துப் போகும். இன்ஜினுக்குள் சுற்றுகிற பாகங்களான கிராங்க் பேரிங்கையும் டர்போவையும் அது காப்பாற்றாது. மெதுவாகப் போகிற வரை ஒன்றும் தெரியாது. அவசரம் என்று ஒரு நாள் மிதித்தால் பேரிங் பிடித்து நடுரோட்டில் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. அளவு மீறின ஆயிலை இன்ஜினே உறிஞ்ச ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் அணையாமல் அலறும். விழுப்புரத்தில் ஒரு முறை அந்த அலறலைக் கேட்டிருக்கிறேன். அதை மறக்க முடியவில்லை.

"ஐயா, உடனே ஆயில் மாத்தணும். இந்த வண்டிக்கான ஆயிலும் ஃபில்டரும் இப்ப ஸ்டாக்குல இல்ல. கண்ட ஆயில ஊத்தினா அந்தக் கரி ஃபில்டர் அடைச்சிக்கும். விழுப்புரத்துலேர்ந்து நாளைக்கு வந்துடும். வண்டிய விட்டுட்டுப் போங்க."

அவர் முகம் மாறியது. "அது மட்டும் முடியாதும்மா. பொண்ணுக்கு டாக்டர் குடுத்த தேதி தாண்டிப் போச்சி. எந்த நேரத்துல வலி வரும்னு தெரியல. வண்டி வாசல்ல நிக்கணும்."

"வலி வந்தா ஆம்புலன்ஸ் கூப்பிடலாம். இல்லன்னா வாடகைக்கு ஒரு வண்டி சொல்லி வைக்கலாமே?"

"மாப்ள வண்டி வாசல்ல நிக்கும்போது பொண்ண வாடக வண்டியில ஏத்திக்கினு போனா, ஊர் என்னம்மா சொல்லும்? மாப்ளதான் என்ன நெனப்பாரு?"

மகளுக்காகத்தான் அவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக நின்றார். நான் மறித்ததும் அவர் மகளுக்காகத்தான். பிரசவ வலியோடு அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அவர் முதல்முறையாக ஆக்சிலேட்டரை முழுசாக மிதிக்கப் போகிற அந்த நேரம் என் கண் முன்னால் வந்துபோனது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேதி தாண்டிய பெண்ணின் அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

"அப்ப மெதுவாப் போங்க. வீட்டுல நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. நாளைக்கு ஃபில்டர் வந்ததும் போன் பண்றேன்" என்றேன்.

"மாப்ள லீவுல ஓட்டினதோட சேத்து மீட்டர்ல மூவாயிரத்துச் சொச்சந்தான் ஓடியிருக்குது. கம்பெனிக்காரன் பத்தாயிரம்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். மாப்ளய கேக்காம நான் எதுவும் பண்ண மாட்டேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

3. மஸ்கட்டுக்கு ஒரு போன்

வண்டி மாப்பிள்ளை பேரில் இருந்ததால் அவர் நம்பர் எங்களிடம் இருந்தது. மறுநாள் ஃபில்டரும் ஆயிலும் வந்து இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். ஷிஃப்ட் முடித்துச் சாயங்காலம் எடுத்தார். பொறுமையானவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பத்தாயிரம் இல்லன்னா ஒரு வருஷம்னு புக்குல போட்டிருக்கு. ரெண்டுமே ஆகல. இங்க பாலைவனத்துல ஓடற வண்டிக்கே நாங்க அதுக்கு முன்னாடி மாத்தறதில்ல."

"ஓடற வண்டிக்கு அது சரிங்க சார். உங்க வண்டி ஓடவே இல்ல. உங்க மாமா காலைலயும் சாயங்காலமும் நின்ன இடத்துலயே ஸ்டார்ட் பண்ணி வைக்கிறாரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"ஓட்டறதே இல்லயா?" என்றார். குரல் என்னமோ மாதிரி இருந்தது.

"பால் சொசைட்டி வரைக்கும்."

பிறகு, "கௌரிக்கு டெலிவரி முடியட்டும் மேடம். இப்ப மாமாவ எதுவும் சொல்லாதீங்க, ஏற்கெனவே டென்ஷனா இருப்பாரு. அப்புறம் நானே மாத்தச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

டெலிவரி முடிந்த பிறகு! தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற பேச்சு என்றால் இதுதான். மேனேஜரிடம் போய் நின்றேன்.

"கஸ்டமர் வேணாம்னுட்டாரு, ஓனர் அப்புறம்னுட்டாரு. இன்னும் என்னம்மா? பேஜாரு பண்ணாதீங்க, அடுத்த வண்டியப் பாருங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆபீஸ் முறைப்படி என் வேலை முடிந்துவிட்டது. ஆனால் மனசு முறைப்படி கேட்குமா? அடுத்த நாள் சனிக்கிழமை ஏழுமலை ஐயாவுக்கு நாலு முறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? வயலில் இருக்கிறாரா? ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா? ரோட்டில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறாரா? ஹைவேயில் சைரன் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கஸ்டமருக்கு வேறொருத்தர் வண்டிச் சாவியைக் கொடுத்து, அவரிடமும் திட்டு வாங்கினேன். மாலை ரயிலில் உட்கார்ந்தேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை ஸ்டேஷன்தான் தாண்டுவது?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வழக்கம்போலக் கேலி செய்வார் என்று நினைத்தேன். "அங்க போயிட்டு வந்தாத்தான் நீ சோறு தின்னுவ. போயிட்டு வா" என்றார்.

4. கொட்டகையில்

ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் ஹெட் மெக்கானிக் ஜாகீர் பாயை வரச் சொன்னேன். என்னைவிடப் பழைய ஆள். விஷயத்தைக் கேட்டதும், "வெளி வேல செஞ்சா கம்பெனி கேள்வி கேக்கும் மேடம்" என்று தலையைச் சொறிந்தார். மேனேஜருக்குப் போன் போட்டேன். "பார்ட்ஸுக்கு பில் போட்டுக்குங்க. நீங்க எங்க போறீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க, எனக்குத் தெரியாது" என்றார். அவரும் மனுஷர்தான்.

ஜாகீர் பாயின் பைக்கில் ஆயில் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபில்டர், ஸ்பேனர், புனல் எல்லாம் ஒரு கோணிப்பையில். வல்லம் தாண்டி உள்ளே திரும்பி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம். வீட்டை நெருங்கும்போதே உறுமல் கேட்டது. கொட்டகையில் வண்டி ஸ்டார்ட்டில் நின்றது. பானெட்டில் விபூதிப் பட்டை. பக்கத்தில் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஏழுமலை ஐயா.

"ஐயோ, ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திவிட்டேன். ஊர் நாய் இரண்டு குரைத்தன.

அவர் பதறி அணைத்தார். "என்னம்மா இது, இம்மாந்தூரம்?"

"வேணாம்னு சொன்னேனேய்யா, ஏன் ஸ்டார்ட் பண்ணீங்க?"

"எப்படிம்மா பண்ணாம இருக்கறது? அவசரத்துக்கு ஸ்டார்ட் ஆவலன்னா? நேத்து பூரா உங்க போன் அடிச்சிக்கினே இருந்துது. நீங்க மாத்தணும்பீங்க, மாப்ள வேணாம்பாரு, நான் யார் பேச்சக் கேக்கறது? அதான் எடுக்கல."

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கௌரி உட்கார்ந்திருந்தாள். நிறைமாத வயிறு, வீங்கின கால். மடியில் ஒரு கிண்ணத்தில் வேகவைத்த மல்லாட்டை. உரித்துத் தின்றுகொண்டே எங்களைப் பார்த்தாள்.

எனக்கு விளக்கமெல்லாம் மறந்துபோனது. டிப்ஸ்டிக்கை உருவி அவர் கையிலேயே கொடுத்தேன். "மோந்து பாருங்கய்யா."

முகர்ந்தார். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

"டீசலு" என்றார் மெல்ல. "கரண்ட்டு வர்றதுக்கு முன்னாடி கெணத்துல இன்ஜின் வெச்சிருந்தோம். ஆயில்ல டீசல் எறங்கிப் போச்சின்னா அதத் தொடவே மாட்டோம், கிராங்க் போயிடும்னு. அதே வாசன." டிப்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினார். "நல்ல இன்ஜின், ஆயில் கொறையலன்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தேனேம்மா."

"இப்பவே மாத்திடலாம். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

"அந்த ஒரு மணி நேரத்துல வலி வந்தா?"

வழி முழுக்க அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கௌரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பா, அதுல ஏறப்போறது நானு. எனக்கு இப்ப வலி இல்ல. மாத்துங்க. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

5. காலியான இன்ஜின்

களத்தில் கிடந்த இரண்டு கருங்கல் பலகைகளைப் போட்டு முன் சக்கரங்களை ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். ஜாகீர் பாய் கோணியை விரித்து அடியில் போனார். பழைய ஆயிலைப் பிடிக்க ஏழுமலை ஐயாவின் மனைவி ஒரு பழைய அலுமினிய அண்டாவைக் கொடுத்தார். "இத்தோட அத தூக்கிப் போட்டுடுங்க, இனிமே அதுல சோறா வடிக்க முடியும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அடியில் ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கடகடவென்று கொட்டியது. கறுப்புத் தண்ணீர் மாதிரி, கொஞ்சம்கூடக் கொழகொழப்பு இல்லாமல். நிற்கும், இப்போது நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது ஊற்றியதைவிட நிறையவே வந்தது. ஏழுமலை ஐயா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசிச் சொட்டு விழுந்துகொண்டிருந்தபோது கௌரி, "அம்மா" என்று கூப்பிட்டாள். சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். அவள் அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். நாற்காலிக்கு அடியில் சிமெண்ட் தரை நனைந்திருந்தது.

பனிக்குடம் உடைந்துவிட்டது.

ஏழுமலை ஐயா என்னைப் பார்த்தார். இன்ஜினில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. வண்டி கல் மேல் நிற்கிறது. போல்ட் ஜாகீர் பாய் கையில். விட்டிருந்தால் அந்த டீசல் ஆயிலிலேயே தட்டுத்தடுமாறிப் போயாவது சேர்ந்திருக்குமோ? ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்து, ஓடுகிற வண்டியைக் கழற்றிப் போட்டவள் நான்தானே? முருகா என்று கூப்பிட்டேனே தவிர, கை ஓடவில்லை.

"ஜல்தி, ஃபில்டர் எடுங்க மேடம்! ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நாம முடிச்சிடலாம்!" அடியிலிருந்து ஜாகீர் பாய் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உயிர் வந்தது.

ஃபில்டர் மூடி பிடித்துக்கொண்டு வர மறுத்தது. பாய் ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினார். ஏழுமலை ஐயா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் போயி யாருனா வண்டி வெச்சிருக்காங்களான்னு பாக்கறேன்" என்று ஓடப் பார்த்தார்.

"எங்கயும் போவாதீங்கப்பா" என்றாள் கௌரி. ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது. "அந்த அண்ணன் முடிக்கட்டும்."

அவள் அம்மா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். நர்ஸ் பேசினார். தண்ணீர் என்ன நிறம் என்று கேட்டார். குழந்தை அசைகிறதா என்று கேட்டார். "பயப்படாதீங்க, ஆனா லேட் பண்ணாம கெளம்பி வந்துடுங்க" என்றார். லேட் பண்ணாமல் என்ற சொல் என் காதிலேயே நின்றது.

மூடி கழன்றது. புது ஃபில்டர், புது வாஷர், போல்ட். பாய் போல்ட்டை முறுக்கிவிட்டு வெளியே வர, நான் மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தேன். அந்த நேரத்திலும் என் சந்தேக புத்தி போகவில்லை. புனலை வைத்து ஆயிலை ஊற்றினேன். தேன் நிறத்தில் இறங்கியது. அவசரத்தில் கொஞ்சம் இன்ஜின் மேல் வழிந்தது. ஸ்டார்ட் செய்தோம். டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அணைந்தது. வண்டியைக் கல்லிலிருந்து இறக்கி, அணைத்து, கீழே குனிந்து கசிவு பார்த்து, அளவு பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவே, மேல் கோட்டை ஒட்டி நின்றது.

ஏழுமலை ஐயா ஸ்டியரிங் பக்கம் வந்தார். சாவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துளையைத் தேடினார். "நான் ஓட்டறேன்யா. தினமும் டெஸ்ட் டிரைவ் போறவதான்" என்று வாங்கிக்கொண்டேன். கௌரியும் அவள் அம்மாவும் பின்னால். அவர் என் பக்கத்தில். ஜாகீர் பாய் பைக்கில் பின்தொடர்ந்தார்.

வல்லம் வரை பள்ளம் பார்த்துப் போனேன். அப்புறம் மிதித்தேன். பின்சீட்டில் கௌரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகும்போதெல்லாம் என் காது அவளுக்குப் பாதி, இன்ஜினுக்குப் பாதி என்று போனது. எங்கேயாவது தட்டுகிற சத்தம் வருகிறதா, சிவப்பு லைட் மினுங்குகிறதா? வரவில்லை. இன்ஜின் சீராக இழுத்தது. புது ஆயில் போட்டாயிற்று என்றாலும், பழைய ஆயிலில் பேரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ என்ற பயம் திண்டிவனம் வரை போகவில்லை. பக்கத்தில் பார்த்தேன். ஏழுமலை ஐயாவின் கண் மீட்டரில் இருந்தது.

"வேகம் அதிகமாய்யா?"

"இல்லம்மா, நீங்க போங்க" என்றார். "கிலோமீட்டர் ஏறிக்கினே போவுது, அதான் பாத்தேன்."

பின்சீட்டில் அத்தனை வலியிலும் கௌரி, "அப்பா!" என்று ஒரு அதட்டுப் போட்டாள்.

6. உண்மையான காரணம்

பிற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். யார் வீட்டுக் குழந்தைக்கோ நான் ஏன் அழுகிறேன் என்று அங்கிருந்தவர்கள் பார்த்தார்கள். ஜாகீர் பாய் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

ஏழுமலை ஐயா மஸ்கட்டுக்குப் போன் போட்டார். கையைக் கட்டிக்கொள்ளாத குறையாக நின்றபடி பேசினார். "மாப்ள, உங்களக் கேக்காம வண்டிக்கு ஆயில் மாத்திட்டேன். ரோட்டுல வேற எடுத்துட்டோம். மனசுல வெச்சிக்காதீங்க."

ஸ்பீக்கரில் மாப்பிள்ளையின் குரல் அலறியது. "மாமா! கௌரிக்கு என்ன ஆச்சு?"

"அதுவா? கௌரி நல்லா இருக்குது. பொண்ணு பொறந்திருக்குது." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனை என் கையில் திணித்தார்.

அந்தப் பக்கமும் அழுகைதான். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, நடந்ததைச் சொன்னேன். அண்டாவில் எவ்வளவு டீசல் வந்தது என்பதையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை.

"மேடம், ஒன்னு சொல்லட்டுமா?" என்றார். "பேட்டரி எறங்கிடும்னு நான் சொன்னது சும்மா. மாமா எங்க போறதுன்னாலும் வெயில்ல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருப்பாரு. இந்த வண்டி உங்களுக்குத்தான் மாமான்னு சொன்னா வாங்கிக்க மாட்டாரு, பொண்ணு குடுத்த எடத்துல கை நீட்டக் கூடாதும்பாரு. அதான் பேட்டரி மேல பழியப் போட்டுட்டு வந்தேன். அப்படியாவது எடுத்து ஓட்டுவாருன்னு நெனச்சேன். அன்னைக்கு நீங்க, ஓட்டறதே இல்லன்னு சொன்னதும் எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல."

ஏழுமலை ஐயா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா சொல்றாரு? கோவமா இருக்காரா?"

"வண்டிய உங்களுக்காகத்தான் வாங்கினாராம்யா. நீங்க ஓட்டணும்னுதான் விட்டுட்டுப் போனாராம்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, "அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

இப்போது புதிதாக வருகிறவர்கள், ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால், புத்தகத்தில் போட்ட கிலோமீட்டரும் வருஷமும் நன்றாக ஓடுகிற வண்டிக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கிட்டத்துக்கு மட்டும் போய் வருகிற வண்டி, நின்ற இடத்திலேயே உறுமுகிற வண்டி, தூசியிலும் பாரத்திலும் உழைக்கிற வண்டி, இதற்கெல்லாம் பாதிக் கணக்கிலேயே மாற்றச் சொல்கிறேன். மாதம் ஒரு முறை அளவு பாருங்கள். குறைந்தால் கவனியுங்கள். ஏறினால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். பேட்டரிக்காக என்றால் வாரத்தில் ஒரு நாள் ஹைவேயில் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுங்கள், பேட்டரிக்கும் நல்லது, ஃபில்டருக்கும் நல்லது.

இதோடு இன்னொரு கேள்வியும் கேட்கக் கற்றுக்கொண்டேன். ஓடாமலேயே ஆயில் கெட்டுப்போன வண்டி வந்தால், ஏன் ஓட்டவில்லை என்று கேட்கிறேன். மகன் வண்டி, மருமகன் வண்டி, தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தால் கேட்பான், அவன் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று அநேகம் பேர் அதையேதான் சொல்கிறார்கள். அவர்களிடம் ஆயில் மாற்றிக் கொடுத்துவிட்டு, இதையும் சொல்லி அனுப்புகிறேன். வண்டியை விட்டுப் போனவருக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, நான் ஓட்டட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்.